அரை இன்ச் பிளஞ்ச் ரவுட்டர்: ஒன்றரை வருஷம் ஓட்டின பிறகு என் ரிவியூ

பிட்டுங்கிற வெட்டுக் கத்தியை வேகமா சுத்தி, மரத்துல காடி (நீளப் பள்ளம்) எடுக்கவும் விளிம்பு உருட்டவும் உதவுற இந்த மெஷின் கைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகுது. வாங்கின வாரமே ரிவியூ எழுதலாம்னு உக்காந்தேன், அப்போ எழுதியிருந்தா நிச்சயமா தப்பா எழுதியிருப்பேன், ஏன்னா ரவுட்டரோட குணம் முதல் பத்து கட்டையில தெரியாது, பிட்டைப் பிடிக்கிற காலெட் தேயணும், மோட்டாரை மேல கீழ ஏத்தி இறக்குற பிளஞ்ச் கம்பியில தூசி ஏறணும், ஒரு பிட்டாவது மழுங்கணும், அப்புறம்தான் எது நல்லா பண்ணியிருக்கான் எதுல சிக்கனம் பிடிச்சிருக்கான்னு தெரிய வரும். இந்த ஒன்றரை வருஷத்துல இதை வெச்சு ரெண்டு புக் ஷெல்ஃப், ஒரு கட்டிலோட தலைமாட்டு பலகை, பதினாலு டிராயர், ஒரு கதவுக்கு கீலும் பூட்டும் பதிக்கிற வேலை, அப்புறம் கணக்கு வெக்காத அளவுக்கு விளிம்பு உருட்டல் எல்லாம் முடிச்சாச்சு.

பிராண்டு பேர் போடல. இதே அளவு, இதே அமைப்புல பல கம்பெனி மெஷின் இருக்கு, நான் சொல்ற நல்லது கெட்டது முக்கால்வாசி எல்லாத்துக்கும் பொருந்தும். மெஷின் விவரம் இதுதான்: 1600 வாட், பிளஞ்ச் டைப், ஸ்பீடு 8,000லேருந்து 24,000 ஆர்பிஎம் வரைக்கும் டயல்ல மாத்தலாம், காலெட் அரை இன்ச், கூடவே சின்ன தண்டு பிட்டுக்காக காலெட்டுக்குள்ள சொருகுற ஸ்லீவ் 8 மிமீக்கும் கால் இன்ச்சுக்கும் குடுத்திருக்காங்க, எடை 5 கிலோவுக்கு கிட்ட.

மோட்டாரும் பிளஞ்சும் அருமை. ஸ்லீவும், பலகை விளிம்பை ஒட்டி மெஷினை நேரா ஓட்ட வெக்கிற ஃபென்ஸும் மோசம். சுவிட்ச் விஷயத்துல ஒரு பெரிய குறை இருக்கு, அதை பின்னாடி சொல்றேன். ஆனா இதை எழுத உக்காந்ததே வேற ஒரு விஷயத்துக்காக. ரவுட்டர்ல வேலை சுத்தமா வர்றதுக்கு எதெல்லாம் பண்ணணுமோ, கைக்கு அடி படாம இருக்கவும் அதேதான் பண்ணணும். ரெண்டும் தனித்தனி பாடம் இல்ல. மெஷின் எகிறுற இடத்துலதான் விளிம்பு சிதையும், பிட்டு நழுவுற இடத்துலதான் காடி கோணலாகும். அதனால ஒரு ரவுட்டரை எடை போடும்போது நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், இது என்னை சரியா வேலை செய்ய விடுதா, இல்ல அவசரப்படுத்துதா.

மோட்டார்லேருந்து ஆரம்பிக்கிறேன். சாஃப்ட் ஸ்டார்ட் இருக்கு. சுவிட்ச் அழுத்தினா ஒரு செகண்டு எடுத்து மெதுவா ஏறுது. இதுக்கு முன்னாடி ஓசி வாங்கி ஓட்டின ஒரு பழைய மெஷின்ல இது கிடையாது, சுவிட்ச் போட்ட உடனே மொத்த மெஷினும் மணிக்கட்டை முறுக்கும், கட்டையில கோடு போட்டு அதுல நிறுத்தி வெச்சிருந்தா கோட்டை விட்டு விலகிடும். இதுல அந்த தொல்லை இல்ல. அழுத்தம் கூடினா ஸ்பீடு விழாம எலக்ட்ரானிக்ஸ் பிடிச்சுக்குது, கெட்டியான தேக்கு கட்டையில 12 மிமீ பிட்டு போட்டு ஓட்டினப்பவும் சத்தம் பெருசா இறங்கல.

ஸ்பீடு டயலை நிறைய பேர் தொடுறதே இல்ல, வாங்கின நாள் எந்த நம்பர்ல இருந்துச்சோ அதுலயே ஓட்டுறாங்க. இது தப்பு, ஏன் தப்புன்னு கணக்கு போட்டா விளங்கும். 24,000 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 400 சுத்து. 6 மிமீ பிட்டோட வெளி விளிம்பு அந்த ஸ்பீடுல செகண்டுக்கு ஏழரை மீட்டர் போகுது. அதே ஸ்பீடுல 50 மிமீ பிட்டு மாட்டினா அதோட விளிம்பு செகண்டுக்கு கிட்டத்தட்ட 63 மீட்டர், அதாவது மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல. டயல் ஒரே நம்பர்லதான் இருக்கு, ஆனா கைக்கு கீழ சுத்துறது முழுக்க வேற விஷயம். அதனால பொதுவா எல்லாரும் வெச்சிருக்குற கணக்கு என்னன்னா, 25 மிமீ விட்டம் வரைக்கும் முழு ஸ்பீடு, 25லேருந்து 50 வரைக்கும் 18,000, 50க்கு மேல 16,000, 65ஐ தாண்டிட்டா 12,000. பிட்டோட டப்பாவுல அதிகபட்ச ஸ்பீடுன்னு ஒண்ணு போட்டிருப்பான், அது இதைவிட கம்மியா இருந்தா அதைத்தான் மதிக்கணும். 50 மிமீக்கு மேல உள்ள பெரிய பிட்டை நான் கையில பிடிச்சு ஓட்டவே மாட்டேன், அதெல்லாம் மெஷினை டேபிளுக்கு அடியில மாட்டி ஓட்ட வேண்டியது. இந்த மெஷின் டயல்ல 1லேருந்து 6 வரைக்கும் நம்பர் மட்டும்தான் இருக்கு, எந்த நம்பருக்கு எத்தனை ஆர்பிஎம்ங்கிறது மேனுவல்ல குட்டி எழுத்துல எங்கயோ இருக்கு. நான் அதை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி மெஷின் தலையில ஒட்டிட்டேன், கம்பெனியே பண்ணியிருக்க வேண்டிய வேலை.

ஸ்பீடு சரியா இருக்கான்னு பாக்க எனக்கு டயலைவிட நம்பிக்கையானது வெளிய வர்ற சீவல்தான். பிட்டு கூரா இருந்து, தள்ளுற வேகம் சரியா இருந்தா சின்ன சின்ன செதிலா வரும், விரல்ல எடுத்து தேய்ச்சா செதில்னு உணர முடியும். மாவா வந்தா, ஒண்ணு நீங்க ரொம்ப மெதுவா தள்ளுறீங்க, இல்ல பிட்டு மழுங்கிருச்சு. மாவு வர ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல கருகின வாசனை வரும், அடுத்து கட்டையில பழுப்பா கோடு விழும், அந்தக் கருப்பை உப்புத்தாள் போட்டு எடுக்குறதுக்குள்ள பாதி நாள் போயிடும். மூலையில திரும்புறப்போ ஒரு செகண்டு நின்னா போதும், அங்க கருகிடும். நிக்காம ஓடணும், ஆனா மோட்டார் திணறுற அளவுக்கு தள்ளவும் கூடாது.

அடுத்து பிளஞ்ச். ரெண்டு எஃகு கம்பி, உள்ள ஸ்பிரிங், இடது கைப்பிடி பக்கத்துல லாக் லீவர். இந்த லீவரை வெச்ச இடம்தான் எனக்கு இந்த மெஷின்ல ரொம்ப பிடிச்சது, கைப்பிடியை விடாம கட்டை விரலால எட்டுது. சுத்திக்கிட்டிருக்குற மெஷினை ஒத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால லீவரை தேடுறது எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சு பாருங்க, அப்படி தேட வெக்கிற மெஷின்களும் இருக்கு. கீழ மூணு படி உள்ள டரெட் இருக்கு, ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்க்ரூ, ஆழத்தை படிப்படியா செட் பண்ணிக்கலாம். 12 மிமீ ஆழத்துக்கு காடி எடுக்கணும்னா நான் ஒரே இறக்குல இறங்குறதே இல்ல, 3 மிமீ 3 மிமீயா நாலு ஓட்டம், 6 மிமீ பிட்டா இருந்தா அதுவே அளவு, அதாவது பிட்டு விட்டத்துல பாதிக்கு மேல ஒரே ஓட்டத்துல இறக்குறதில்ல. நேரம் கூட ஆகும்தான், ஆனா பிட்டு வளையாது, கருகாது, காடியோட சுவர் நேரா நிக்கும், கையில மெஷின் துள்ளாது. கடைசி ஓட்டத்துக்கு அரை மிமீ மட்டும் மிச்சம் வெச்சு எடுத்தீங்கன்னா அடிப்பக்கம் இழைச்ச மாதிரி வரும்.

புதுசுல பிளஞ்ச் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, ஒரு பக்கம் மட்டும் தட்டுற மாதிரி. கம்பியை துணியில துடைச்சு டிரை லூப்ரிகன்ட் அடிச்சு ஒரு அம்பது தடவை ஏத்தி இறக்கின பிறகு வழுவழுன்னு ஆயிடுச்சு. சாதா எண்ணெய் போடாதீங்க, மரத்தூள் அதுல ஒட்டி பசையாயிடும்.

இன்னொண்ணு, பிட்டு வாங்குறப்போ அடிமுனையில வெட்டு இருக்கான்னு பாருங்க. நேர் பிட்டு எல்லாமே செங்குத்தா இறங்காது, சிலதுக்கு பக்கவாட்டுல மட்டும்தான் பல் இருக்கும், அதை பிளஞ்ச் பண்ணி அழுத்தினா நடுவுல உள்ள மரம் வெட்டுப்படாம தேய்ஞ்சு புகைய ஆரம்பிச்சிடும்.

இப்போ ஸ்லீவ். இதுதான் என்னை ரொம்ப சோதிச்சது.

ஷெல்ஃபோட பக்கப் பலகையில தட்டு உக்காற காடி எடுத்துக்கிட்டிருந்தேன், 18 மிமீ பலகை, 6 மிமீ ஆழம் வேணும். 12 மிமீ அப்கட் ஸ்பைரல் (முறுக்குப் பல்) பிட்டு, தண்டு 8 மிமீ, அதனால கம்பெனி குடுத்த 8 மிமீ ஸ்லீவுக்குள்ள போட்டு மாட்டியிருந்தேன். ரெண்டு காடி நல்லா வந்துச்சு. மூணாவது பாதியில சத்தம் மாறுச்சு, கீச்சுன்னு போன சத்தம் கொஞ்சம் கொஞ்சமா கனத்து அடித்தொண்டைக்கு இறங்குன மாதிரி. கையில அழுத்தம் கூடுது. நிறுத்திட்டு பாத்தா, காடி ஆரம்பத்துல 6 மிமீ, முடிவுல 9 மிமீக்கு மேல. பிட்டு காலெட்லேருந்து நழுவி நழுவி கீழ இறங்கியிருக்கு. இன்னும் ரெண்டு அடி ஓட்டியிருந்தா பலகையோட மறுபக்கத்துக்கு வந்திருக்கும், இல்ல பிட்டு முழுசா கழண்டு அந்த ஸ்பீடுலயே வெளிய வந்திருக்கும். அதை நினைச்சாலே இப்பவும் உள்ளங்கை வேர்க்குது.

மர வேலையில முப்பது வருஷம் போட்ட ஒரு அண்ணன்கிட்ட மெஷினை தூக்கிட்டு போனேன். அவர் பிட்டை கழட்டினதும் முதல்ல கேட்டது, "தம்பி, தண்டை அடி வரைக்கும் முட்ட விட்டியா?"

"ஆமாண்ணே, முழுசா உள்ள போனாத்தானே கெட்டியா பிடிக்கும்னு நினைச்சேன்."

"அங்கதான் தப்பு. நட்டை முறுக்கும்போது காலெட் பிட்டையும் சேத்து கொஞ்சம் உள்ள இழுக்கும். அடியில முட்டியிருந்தா அது எங்க போகும்? உன் கைக்கு இறுகின மாதிரிதான் தெரியும், பிடிமானம் இருக்காது."

முழுசா உள்ள விட்டுட்டு 2, 3 மிமீ வெளிய இழுத்து அப்புறம் முறுக்கணும். தண்டு குறைஞ்சது 20 மிமீ காலெட்டுக்குள்ள இருக்கணும், ஆனா பல் ஆரம்பிக்கிற இடத்துல தண்டு லேசா வளைஞ்சு தடிக்கும் பாருங்க, அந்த வளைவு காலெட் வாய்க்குள்ள போயிடக்கூடாது, போனா காலெட் சாய்ஞ்சு பிடிக்கும். அதுக்கு மேல, அப்கட் ஸ்பைரல் பிட்டு சீவலை மேல தூக்கிப் போடுற அதே விசையில தன்னை கீழ இழுத்துக்கும், அதனால சாதா நேர் பிட்டு தாங்குற இடத்துல இது நழுவும். அண்ணன் ஸ்லீவுக்குள்ள விரல் விட்டு பாத்தார், பிசின் படிஞ்சு வழவழன்னு இருந்துச்சு. தின்னர் நனைச்ச துணியால துடைச்சு, காலெட்டை பித்தளை பிரஷ் போட்டு தேய்ச்சு குடுத்தார். கடைசியா ஒரு மார்க்கர் எடுத்து, பிட்டு தண்டு நட்டுக்குள்ள நுழையுற இடத்துல சுத்தி ஒரு கோடு போட்டார். "ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவுல இந்த கோட்டை பாரு. கோடு நட்டை விட்டு விலகியிருந்தா உடனே நிறுத்திரு." அன்னிலேருந்து எந்த பிட்டு மாட்டினாலும் இந்த கோடு இல்லாம நான் சுவிட்ச் போடுறதில்ல.

ஸ்லீவை அதுக்கப்புறம் தூக்கி வெச்சுட்டேன். 8 மிமீக்கு தனி காலெட் வாங்கி மாட்டினேன், நழுவல் அத்தோட நின்னுச்சு. ஸ்லீவ்ங்கிறது ரெண்டு பிடிமானத்தை நம்புற ஏற்பாடு, ஸ்லீவ் பிட்டைப் பிடிக்கணும், காலெட் ஸ்லீவைப் பிடிக்கணும், ரெண்டுல எதுல தூசி பட்டாலும் போச்சு. இன்னொரு எச்சரிக்கை, கால் இன்ச்னா 6.35 மிமீ. 6 மிமீ தண்டு பிட்டை அதுல போட்டா முறுக்கின உடனே பிடிச்ச மாதிரிதான் இருக்கும், ஓட்டும்போது விட்டுரும். 12க்கும் அரை இன்ச்சான 12.7க்கும் இதே கதைதான். அளவு சந்தேகமா இருந்தா காலிப்பர் வெச்சு அளந்துட்டு மாட்டுங்க. பிட்டு இல்லாம வெறும் காலெட்டை முறுக்கி வெக்காதீங்க, வாய் சுருங்கி கெட்டுப் போயிடும்.

அரை இன்ச் தண்டு ஏன்னு கேக்குறவங்களுக்கு: தண்டோட விட்டம் ரெண்டு மடங்கானா வளையாத தன்மை பதினாறு மடங்காகுது. ஆழமா, பெருசா வெட்டுற பிட்டெல்லாம் அரை இன்ச் தண்டுலயே வாங்குங்க, வெட்டும்போது வர்ற அந்த நடுக்கமே இருக்காது.

எந்த திசையில தள்ளணும்ங்கிறதை எத்தனை தடவை சொன்னாலும் பத்தாது. மேலேருந்து பாத்தா கையில பிடிக்கிற ரவுட்டர்ல பிட்டு கடிகாரம் சுத்துற மாதிரி சுத்துது. பலகையோட வெளி விளிம்பை சுத்தி வர்றப்போ மெஷின் கடிகாரத்துக்கு எதிரா போகணும், ஃபிரேமோட உள் விளிம்புன்னா கடிகாரம் போற திசையில போகணும். இதை மனப்பாடம் பண்ண முடியலன்னா கையிலயே வழி இருக்கு: வலது உள்ளங்கையை கீழ பாக்க வெச்சு கட்டை விரலை மரத்து பக்கம் நீட்டுங்க, ஆள்காட்டி விரல் எந்த பக்கம் காட்டுதோ அந்த பக்கம் தள்ளணும். வெளியா உள்ளயா குழப்பமே வராது. இந்த திசையில போனா பிட்டு நீங்க தள்ளுறதை எதிர்க்கும், அந்த எதிர்ப்புதான் உங்க பிடி, பிட்டுல விளிம்பை ஒட்டி உருள்ற பேரிங் இருந்தா அதுவும் தானா மரத்தோட ஒட்டிக்கும். எதிர் திசையில போனா பிட்டு சக்கரம் மாதிரி மரத்து மேல உருண்டு ஓட பாக்கும்.

அது எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். ஒரு ஃபிரேமோட வெளி விளிம்பு நாலு பக்கமும் முடிச்சிட்டு அதே கை பழக்கத்துல உள் விளிம்புக்கும் அதே திசையில தள்ளிட்டேன். பிட்டு மரத்தை தொட்ட நொடியில 5 கிலோ மெஷின் என்னை இழுத்துக்கிட்டு ஓடுச்சு, ஒரு சாண் நீளத்துக்கு விளிம்பை கடிச்சு கடிச்சு துப்பிருச்சு. ரெண்டு கையும் கைப்பிடியில இருந்துச்சு, ஃபிரேம் மேஜையோட கிளாம்ப் போட்டு இருந்துச்சு, அதனால போனது மரம் மட்டும்தான். ஒரு கையில ஃபிரேமை பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. அதுலேருந்து திசை மாறுற ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தி, பலகை மேல பென்சில்ல அம்புக்குறி போட்டுட்டுத்தான் தொடங்குறேன்.

டேபிள்ல மாட்டினா மெஷின் தலைகீழ, அதனால எல்லாம் மாறிடும், கட்டையை வலதுலேருந்து இடதுக்கு தள்ளணும். கட்டை ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவுல போற மாதிரி எப்பவும் வெக்கவே கூடாது, அம்பு மாதிரி பறக்கும். சின்ன துண்டை விரலால பிடிச்சு பிட்டுகிட்ட கொண்டு போகவும் கூடாது, பெரிய பலகையிலேயே விளிம்பை எடுத்துட்டு அப்புறமா துண்டு போடுங்க.

விளிம்பு எடுக்குறப்போ வரிசையும் முக்கியம். பலகையோட குறுக்கு பக்கம் ரெண்டையும் முதல்ல முடிங்க, ஏன்னா அங்க பிட்டு வெளிய வர்ற மூலையில சிலாம்பு பேந்துக்கிட்டு வரும், அதுக்கப்புறம் நீள பக்கத்தை ஓட்டும்போது அந்த பேந்த மூலை வெட்டுப்பட்டு போயிடும். குறுக்கு பக்கம் மட்டும்தான் எடுக்கணும்னா முடியுற இடத்துல ஒரு வேண்டாத கட்டையை ஒட்டி கிளாம்ப் போடுங்க, பேந்தா அது பேரட்டும்.

ஃபென்ஸ் பத்தி நல்லது சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு கம்பியும் மெல்லிசு, அழுத்தினா வளையுது, அதிர்வுல ஸ்க்ரூ லூஸ் ஆகுது, ஒரு மீட்டர் காடி எடுக்குறதுக்குள்ள ரெண்டு தடவை இறுக்க வேண்டியிருக்கு. அதோட முகத்துல நீளமான ஒரு கெட்டி மரப்பட்டையை ஸ்க்ரூ போட்டு மாட்டினதுக்கப்புறம் ஓரளவு தேறுச்சு. நீளமான காடிக்கு நான் நேரான அலுமினிய பட்டையை பலகை மேல கிளாம்ப் போட்டு அதை ஒட்டித்தான் ஓட்டுறேன். அந்த பட்டை நீங்க தள்ளுற திசைக்கு இடது பக்கம் இருக்கணும், ஏன்னா மெஷின் இயல்பாவே இடதுக்கு இழுக்கும், பட்டை அங்க இருந்தா அதோட ஒட்டிக்கிட்டே போகும், வலதுல இருந்தா காடி பாம்பு மாதிரி வளையும். இந்த மெஷினோட வட்ட பேஸுக்கு, அதாவது அடித்தட்டுக்கு, நடு சென்டர்ல பிட்டு சரியா உக்காரல, அரை மிமீக்கு மேல விலகல் இருக்கு, அதனால ஓட்டும்போது மெஷினை திருப்பிட்டே போனா காடியும் விலகும். பேஸ்ல ஒரு இடத்துல பெயின்ட் புள்ளி வெச்சு அந்த புள்ளியையே பட்டையில ஒட்டி ஓட்டுறேன், பிரச்சனை தீர்ந்துருச்சு.

ஒல்லியான விளிம்புல பேஸ் பாதி அந்தரத்துல நிக்கும். 5 கிலோ தலைகனம் உள்ள மெஷின் அங்க சாய பாக்கும், ஒரு மிமீ சாய்ஞ்சாலும் விளிம்புல பள்ளம் விழும். நான் 6 மிமீ அக்ரிலிக்ல பேஸுக்கு கீழ ஒரு நீளமான தட்டு வெட்டி மாட்டி, மரத்து பக்கம் நீட்டிக்கிட்டிருக்குற முனையில ஒரு குமிழ் வெச்சிருக்கேன், அதை அழுத்திக்கிட்டு ஓட்டினா சாய்வே இல்ல. அரை நாள் வேலை, ஆனா மெஷின் விலைக்கு சமமான பலன்.

இப்போ அந்த சுவிட்ச். டிரிகரை அழுத்தி பட்டனை தட்டினா லாக் ஆகுது, நீளமான ஓட்டத்துக்கு வசதி. ஆனா கரன்ட் போயிட்டு வந்தா, இல்ல லாக்ல இருக்குறது தெரியாம பிளக் சொருகினா, மெஷின் அந்த நொடியே சுத்த ஆரம்பிச்சிடும். கரன்ட் போனா சுவிட்சும் தானா விழுற பாதுகாப்பு இதுல இல்ல, இந்த அளவு சக்தி உள்ள மெஷின்ல அது இல்லாதது எனக்கு நிஜமாவே கோபம். அதனால பிளக்கை சொருகுறதுக்கு முன்னாடி டிரிகரை ஒரு தடவை அழுத்தி விட்டு பாக்குறேன், பிட்டு மாத்துறப்போ சுவிட்சை அணைச்சா போதும்னு விடாம பிளக்கையே உருவி கண்ணு முன்னாடி வெச்சுக்கிறேன். முடிச்சதும் பிட்டை மேல ஏத்தி விட்டு, சுத்துறது முழுசா நிக்கிற வரைக்கும் கீழ வெக்கிறதில்ல.

தூசி குழாய் ஒண்ணு குடுத்திருக்காங்க, காடி எடுக்குறப்போ வேக்குவம் மாட்டினா பெரும்பாலும் இழுக்குது, விளிம்பு உருட்டுறப்போ பாதிக்கு மேல வெளியதான் பறக்குது. மாஸ்க் போடாம ஓட்டாதீங்க. மரத்தூளை 1995லயே சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மனுஷனுக்கு புற்றுநோய் வரவெக்கிற முதல் வகைப் பொருள்னு வகைப்படுத்தியிருக்கு, மரநாரை பசையோட அழுத்தி செய்யுற எம்டிஎஃப் பலகைன்னா அதுல பசையும் சேந்து வருது. சத்தம் என் போன்ல அளந்தப்போ 98 டெசிபலை சுத்தி காட்டுச்சு. அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் சொல்ற கணக்குப்படி 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான். காதுக்கு மஃப், கண்ணுக்கு கண்ணாடி, ரெண்டும் மெஷின் பெட்டியிலயே வெச்சிடுங்க, தேடுற வேலை இருந்தா போட மாட்டோம். கையுறை வேண்டாம், தொங்குற சட்டைக் கையும் வேண்டாம், பிட்டு நுனியில ஒரு நூல் மாட்டினா கையையும் சேத்து இழுத்துக்கும். ஒயரை தோள் மேல போட்டுக்கிட்டு ஓட்டுங்க, பிட்டு பக்கம் வராது.

மெஷினோட ஓசியா வந்த பிட்டு செட்டை நம்பாதீங்க. ரெண்டே மாசத்துல மழுங்கிருச்சு. பன்னெண்டு பிட்டு உள்ள பெட்டி வாங்குறதுக்கு பதிலா நல்ல கார்பைடு பிட்டு நாலு வாங்குங்க: 12 மிமீ நேர் பிட்டு ஒண்ணு, 6 மிமீ ஸ்பைரல் ஒண்ணு, ஓரத்தை சமமா வெட்டுற, பேரிங் வெச்ச ஃபிளஷ் டிரிம் ஒண்ணு, விளிம்பு உருட்ட ஒண்ணு. முதல் வருஷத்து வேலையில முக்கால்வாசி இதுலயே முடிஞ்சிடும். தேக்குல சிலிக்கா இருக்கு, சாதா எஃகு பிட்டை வேகமா தின்னுடும், அதுக்கு கார்பைடுதான் ஆகும். பல்லுல பிசின் ஏறினா மழுங்கின மாதிரியே நடந்துக்கும், தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஊற வெச்சு பிரஷ் போட்டு பாருங்க, பல தடவை புதுசு மாதிரி திரும்பி வரும். பேரிங்கை ஒவ்வொரு தடவையும் விரலால சுத்தி பாருங்க, சிக்கிக்கிட்டா அது பிட்டு கூடவே சுத்தி விளிம்பை சுட்டுரும், அதோட ஸ்க்ரூ இறுக்கமா இருக்கான்னும் பாத்துக்கோங்க.

யாருக்கு இந்த மெஷின்? பூட்டு பதிக்கணும், ஆழமா காடி எடுக்கணும், துளையும் கழுந்தும் வெச்சு கட்டையை இணைக்கிற வேலை பண்ணணும், பின்னாடி டேபிள்ல மாட்டணும்னு எண்ணம் இருந்தா இந்த அளவுதான் சரி. லேமினேட் ஓரம் வெட்டுறதும் விளிம்பு உருட்டுறதும் மட்டும்தான்னா சின்ன டிரிம் ரவுட்டரே போதும், எடை கம்மி, கைக்கு அடங்கும், இவ்வளவு பெருசு தூக்கி ஓட்டுறது வீண் களைப்பு, களைச்ச கையில ரவுட்டர் பிடிக்கிறது நல்லதில்ல.

வாங்கப் போறப்போ பெட்டியை பிரிச்சு காட்டச் சொல்லுங்க. ரெண்டு கைப்பிடியையும் பிடிச்சு பிளஞ்சை இறக்கி, கையை எடுக்காம லாக் லீவர் எட்டுதான்னு பாருங்க. பாதி இறக்கி லாக் பண்ணி பக்கவாட்டுல ஆட்டுங்க, ஆட்டம் தெரிஞ்சா வேற மெஷின் கேளுங்க. நட்டை கழட்டி காலெட்டை கையில வாங்குங்க, அதுல எத்தனை கீறல் வெட்டியிருக்கான்னு எண்ணுங்க, கீறல் கூட இருந்தா தண்டை சுத்தி சமமா பிடிக்கும். அப்புறம் அதே காலெட் 8 மிமீலயும் அரை இன்ச்லயும் தனியா ஸ்பேரா கிடைக்குமான்னு கேளுங்க, ஸ்லீவ் இருக்கே போதாதான்னு கடைக்காரர் சொன்னா ஒத்துக்காதீங்க. காலெட் தேயுற பொருள், ஓட்டம் அதிகம்னா ரெண்டு வருஷத்துல மாத்த வேண்டி வரலாம். ஸ்பேர் கிடைக்காதுன்னா மத்த எல்லாம் நல்லா இருந்தாலும் அந்த மெஷினை எடுக்காதீங்க.